நல்ல காமக் கதையைத் தோழிக்குச் சொல்வது குற்றமா?

கேள்வி: நாங்கள் கல்லூரிக் காலத் தோழிகள் ஆறு பேர். எல்லோரும் 38 வயதைத் தாண்டியவர்கள். நாவல் படித்துப் பேச ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். கொஞ்ச நாளாக இணையத்தில் ஆங்கிலத்தில் வரும் காமக் கதைகளையும் படிக்கிறோம். நன்றாக எழுதியது கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் மற்றவர்களுக்கும் சொல்ல ஆசை. ஒருத்தியின் கணவர், "இதையெல்லாம் ஃபார்வர்ட் செய்தால் ஜெயில்தான்" என்கிறார். இன்னொருத்தி டெலிகிராமில் 350 ரூபாய் கட்டி 'தேர்ந்தெடுத்த கதைகள்' என்று ஒரு பிடிஎஃப் வாங்கி எங்களுக்கு அனுப்பினாள். இப்போது அந்த அட்மின் இன்னும் பணமும், எங்கள் எல்லோருடைய எண்களும் கேட்கிறான். பரிந்துரைப்பது குற்றமா? நல்ல கதைகளை எங்கே, எப்படித் தேடுவது?

பதில்: முதலில் டெலிகிராம் விஷயம். அந்த ஆளுக்கு இனி ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. உங்களில் யாருடைய எண்ணும் போகக் கூடாது. மற்றதெல்லாம் அப்புறம்.

அவன் விற்பது அவனுடைய சரக்கே இல்லை. ஆங்கிலத்தில் வயதுவந்தோருக்கான கதைகள் அதிகம் குவிந்திருக்கும் இடங்களில் இரண்டு, லிட்ரோட்டிகாவும் ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ஏஓ3-யும். முதலாவது 1998 முதல் இருக்கிறது, இரண்டாவது 2009-ல் பொதுமக்களுக்குத் திறந்தது. இரண்டிலும் படிக்கக் காசு கிடையாது. ஏஓ3 லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துவது, விளம்பரம்கூட இல்லை. எழுதியவர் ஆசைக்காக எழுதி இலவசமாகப் போட்ட கதையை ஒருவன் நகலெடுத்து, அவர் பெயரை வெட்டிவிட்டு, 'பிரீமியம்' என்று ஒட்டி விற்கிறான். அந்த 350 ரூபாய் வெறும் தூண்டில் புழு. அவன் நிஜமாகக் காசாக்குவது உங்கள் கூச்சத்தை.

என்னிடம் வந்த ஓர் ஆசிரியைக்கு நடந்தது இது. பணம் கட்டினார். "கதைகள் எங்கள் ஆப்பில்தான் திறக்கும்" என்று ஒரு ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பு) அனுப்பினார்கள். நிறுவியதும் அது தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டது, கொடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அவருடைய தலைமையாசிரியர் பெயரையும் மாமியார் பெயரையும் குறிப்பிட்டு, "இவர்களுக்கு அனுப்பட்டுமா?" என்று செய்தி. நான்கு தவணையில் பணம் கொடுத்த பிறகுதான் என்னிடம் வந்தார். புகார் கொடுக்கப் போன இடத்தில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, இதையெல்லாம் எதுக்குப் படிக்கிறீங்க?" மிரட்டியவனைப் பற்றி அதற்கப்புறம்தான் கேட்டார்கள். இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் நூறு பேர் புகாரே கொடுப்பதில்லை, அந்தத் தைரியத்தில்தான் இவன்கள் பிழைக்கிறான்கள். எனக்கு இதில் பொறுமை தீர்ந்து பல வருடமாகிறது.

ஏஓ3-க்கு அதிகாரபூர்வமான ஆப் எதுவும் கிடையாது. அந்தப் பெயரில் காசு கேட்கும் ஆப் எதுவானாலும் வேறு யாரோ செய்தது. பிரவுசரில் திறந்து படியுங்கள், போதும். அதேபோல 'இந்தியச் சட்டப்படி உங்கள் கணினி பூட்டப்பட்டது, அபராதம் கட்டுங்கள்' என்று திரையில் ஒன்று எழும். சைபர் கிரைம் போலீஸ் என்று வீடியோவில் ஒருவன் வருவான், 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்பான். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே இல்லை. மூடிவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

சரி, ஜெயில் கேள்வி. உங்கள் தோழியின் கணவர் சொல்வதில் பாதி சரி.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் தண்டிப்பது வெளியிடுவதையும் அனுப்புவதையும்தான். வயதுவந்தவர்களைப் பற்றிய கதையை நீங்கள் தனியாகப் படிப்பதை அல்ல. 67 ஆபாசத்துக்கு: முதல் முறை மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். 67ஏ வெளிப்படையான பாலுறவுச் செயல் உள்ளவற்றுக்கு: ஐந்து வருடம், பத்து லட்சம். முதலாவதில் ஜாமீன் உரிமை. இரண்டாவதில் நீதிமன்றம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இரண்டிலுமே போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம்.

இதில் எனக்கு ஆற்றாமையாக இருப்பது, 67ஏ எழுத்தையும் வீடியோவையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது. யாரையோ ஒளிந்திருந்து படம் பிடித்துப் பரப்பியவனும், கற்பனையான இரண்டு பேரைப் பற்றி எழுதிய கதையைத் தோழிக்கு அனுப்பியவளும் ஒரே பிரிவின் வாசகத்துக்குள் வந்து நிற்கிறார்கள். 2000-ல் வந்த சட்டத்தில் 67ஏ சேர்ந்தது 2008 திருத்தத்தில். அதற்கப்புறம் எழுத்தைத் தனியாகப் பிரித்துச் சொல்ல யாருக்கும் நேரம் வரவில்லை.

இலக்கியத்துக்கு விலக்கு இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதை நம்பி யாரும் அகலக்கால் வைத்துவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அறிவியல், இலக்கியம், கலை, கல்வி ஆகியவற்றின் நலனுக்காகப் பொது நன்மைக்கு வெளியிட்டது என்றால் இந்தப் பிரிவுகள் பொருந்தாது. மரபு, மதம் சார்ந்து நல்லெண்ணத்தோடு வைத்திருப்பதற்கும் பொருந்தாது. இந்த விலக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது தெரியுமா? 67-லும் இல்லை, 67ஏ-விலும் இல்லை. குழந்தைகள் தொடர்பான 67பி-யின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 67-ஐ மட்டும் படிக்கிற அதிகாரி கண்ணில் அது படாது. பட்டாலும், அதில் இருக்கும் சொல் 'நிரூபிக்கப்பட்டால்' என்பது. எப்போது நிரூபிப்பது? வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த பிறகு. அதற்குள் உங்கள் போன் கைப்பற்றப்பட்டு, தெருவுக்கே விஷயம் தெரிந்திருக்கும்.

பழைய கதை ஒன்று. தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய சிருங்கார காவியத்தைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-ல் முழுமையாகப் பதிப்பித்தார். மறு வருடமே ஆபாசம் என்று நடவடிக்கை; தடை நீங்க 1947 ஆகிவிட்டது. காவியம் கடைசியில் ஜெயித்தது, உண்மை. ஆனால் பதிப்பித்தவருக்கு அத்தனை வருடத்தை யார் திருப்பித் தந்தார்கள்? பிறகு 1964-ல் உச்ச நீதிமன்றம் டி.எச். லாரன்ஸின் நாவல் ஒன்றை ஆபாசம் என்றது. அந்த வழக்கில் தண்டனை பெற்றவர் அதை விற்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர். எழுதியவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. கைமாற்றிக் கொடுத்தவர்தான் மாட்டினார், கவனியுங்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம், லாரன்ஸ் வழக்கில் பின்பற்றிய விக்டோரியா கால அளவுகோலை விட்டுவிட்டது. இன்றைய சமூகத்தின் கண்ணால், படைப்பை முழுதாகப் பார்க்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஒரு கதையின் நடுவிலிருந்து எடுத்த மூன்று ஸ்கிரீன்ஷாட்டை முழுப் படைப்பாக யார் பார்ப்பார்கள்? நீங்கள் துண்டு துண்டாக அனுப்பினால் உங்கள் பாதுகாப்பை நீங்களே வெட்டி எறிகிறீர்கள்.

ஆகவே நான் சொல்லும் வழி எளிமையானது. கதையை அனுப்பாதீர்கள், கதையைப் பற்றிப் பேசுங்கள். தளத்தின் பெயர், கதையின் பெயர், எழுதியவரின் புனைபெயர், ஏன் பிடித்தது என்று உங்கள் சொந்த வார்த்தையில் நான்கு வரி. பிடிஎஃப் வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், பத்தியை ஒட்டுவதும் வேண்டாம். வேண்டுபவர் தானே போய்த் திறந்து படிக்கட்டும். நீங்கள் அனுப்பியது ஒரு வாசகியின் கருத்து மட்டும்தான். எழுதியவருக்கும் அதுதான் மரியாதை. அவர் பக்கத்தில் ஒரு வாசகர் கூடுவார்.

இன்னொரு வசதியும் உண்டு. ஏஓ3-ல் கணக்கு வைத்திருந்தால் ஒரு கதையைக் குறித்து வைக்கும்போது (புக்மார்க்) 'பரிந்துரை' என்று டிக் செய்து, குறிப்பும் எழுதலாம். ஆறு பேரும் ஒருவர் பட்டியலை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பே தேவையில்லை. சொந்தப் பெயரில் கணக்குத் தொடங்காதீர்கள்.

குழுவில் ஆறு பேருக்கும் இதில் விருப்பமா என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். விருப்பமில்லாத ஒருத்தி இருந்தால் தனிக் குழு தொடங்குங்கள். அலுவலகக் குழு, குடியிருப்புக் குழு பக்கம் இந்தப் பேச்சே போகக் கூடாது. அட்மின் என்பதற்காக மட்டும் மற்றவர் அனுப்பியதற்கு ஒருவர் பொறுப்பாக மாட்டார் என்று 2021-ல் பம்பாய் உயர் நீதிமன்றமும் 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டன, அந்தப் பயம் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். 18 வயதுக்குக் குறைந்தவர் பாலியல் காட்சியில் வரும் கதை என்றால் அந்த நொடியே மூடிவிட வேண்டும். 67பி-யில் எழுத்தும் வருகிறது; தேடுவது, பார்ப்பது, தரவிறக்குவது எல்லாமே வருகிறது. 'கதைதானே' என்று வாதாட நான் வர மாட்டேன். லிட்ரோட்டிகாவின் விதிப்படி எல்லாப் பாத்திரங்களும் 18 தாண்டியிருக்க வேண்டும். ஏஓ3-ல் அப்படித் தடை இல்லை, எச்சரிக்கைக் குறிதான் உண்டு. எனவே தேடலின் வடிகட்டியில் அந்தக் குறியை விலக்குங்கள். 'எச்சரிக்கை தர எழுதியவர் விரும்பவில்லை' என்று இன்னொரு குறி இருக்கும். ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தமல்ல, எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அர்த்தம். புதிதாக வருபவர்கள் விழுவது இந்தக் குழியில்தான். அதையும் விலக்கிவிடுங்கள்.

இனி நல்லதைத் தேடுவது. இதைத்தான் ஆசையோடு எழுத நினைத்தேன், இடம் சட்டத்துக்கே போய்விட்டது.

லிட்ரோட்டிகாவில் வாசகர்கள் ஐந்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 4.5-ஐத் தொட்டால் சிவப்பு நிறத்தில் 'எச்' குறி கிடைக்கும். அதை அப்படியே நம்ப வேண்டாம். தொடர்கதைகளில் பிடிக்காதவர்கள் முதல் அத்தியாயத்தோடு போய்விடுவார்கள், எட்டாவது அத்தியாயத்துக்கு ஓட்டுப் போடுவது ரசிகர்கள் மட்டும். அதனால் பிந்தைய அத்தியாயங்களின் மதிப்பெண் ஏறிக்கொண்டே போகும். முதல் அத்தியாயத்தின் எண்ணைப் பாருங்கள். திருமணமான பெண்களின் உறவுகள் பற்றிய பிரிவில் வாசகர்கள் நாயகியின் நடத்தையைப் பிடிக்காமல் கோபத்தில் குறைத்துப் போடுவது வழக்கம். அங்கே 4 வாங்கிய கதை வேறு பிரிவில் 4.6 வாங்கியதைவிட நன்றாக இருக்கலாம்.

ஏஓ3-ல் 'குடோஸ்' (வாசகர் தரும் பாராட்டுக் குறி) எண்ணிக்கை பெரும்பாலும் சொல்வது, அந்தக் கதை எந்தப் புகழ்பெற்ற தொடரின் பாத்திரங்களை வைத்து எழுதப்பட்டது என்பதைத்தான். உங்களைப் போன்றவர்கள் 'ஒரிஜினல் ஒர்க்' (எழுதியவரின் சொந்தப் பாத்திரங்கள்) என்ற குறிச்சொல்லில் தேடுங்கள். எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட, யார் யார் அதைக் குறித்து வைத்து என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் ரசனையுள்ள ஒரு வாசகர் கிடைத்துவிட்டால் அவருடைய பட்டியல் ஒரு வருடத்துக்குப் போதும். அந்தத் தளத்தில் வியாபாரம் செய்ய அனுமதி இல்லை. கதைக்குப் படம் வரைந்து தருகிறேன் என்று யாராவது கருத்துப் பெட்டியில் காசு பேசினால் அது மோசடி.

பிறகு முதல் பக்கம். நாயகியின் உடல் அளவு எண்ணாக வந்தால் நான் அங்கேயே மூடிவிடுவேன். எழுதியவர் மனிதரைப் பார்க்கவில்லை, பட்டியல் போடுகிறார். இருவர் பேசும் பேச்சு அவரவர் பேச்சாக இருக்கிறதா? ஒருவர் வேண்டாம் என்றால் மற்றவர் நிற்கிறாரா? அந்த இரவு முடிந்த பிறகு அவர்களுக்குள் ஏதாவது மாறியிருக்கிறதா, இல்லை எந்த இரண்டு பெயரைப் போட்டாலும் அதே காட்சிதானா? நம் அகப்பாடல்களில் கூடல் நடந்த இடத்தைவிட, அதற்கு முந்தைய காத்திருப்பும் பிந்தைய ஊடலும்தானே நெஞ்சில் நிற்கின்றன. அந்தப் பழக்கம் உள்ள காது ஆங்கிலக் கதையிலும் நல்லதைக் கண்டுபிடித்துவிடும்.

தமிழில் இல்லையா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். தமிழில் இந்தப் பெயரில் நடக்கும் தளங்களில் பெரும்பாலும் எழுதியவர் பெயரே இருப்பதில்லை, பாத்திரங்களின் வயதுக்கு யாரும் பொறுப்பில்லை, தொட்ட இடமெல்லாம் விளம்பரம் திறக்கும். நான் எதையும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கடைசியாக உங்கள் குழுவில் கிடக்கும் அந்த பிடிஎஃப். அதில் என்ன இருக்கிறது, யார் வயது என்ன என்று உங்களுக்கே தெரியாது. ஆறு பேரும் அதை நீக்கிவிடுங்கள். ஆனால் பணம் கட்டிய ரசீது, அவன் அனுப்பிய செய்திகள், சேனலின் பெயர், யுபிஐ முகவரி ஆகியவற்றை அழிக்காதீர்கள். வாங்கிய தோழி அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அவனை பிளாக் செய்யட்டும். ஆப் ஏதாவது நிறுவியிருந்தால் அதை எடுத்துவிட்டு, வங்கிக் கடவுச்சொற்களை வேறு போனிலிருந்து மாற்றட்டும். பிறகு 1930 அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம். புகாரில் 'பணம் பறிக்கும் மிரட்டல்' என்று முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள். என்ன படித்தீர்கள் என்று கேட்டால், "வயதுவந்தோருக்கான புத்தகம்" என்ற பதில் போதும். நேரில் வரச் சொன்னால் தனியாகப் போக வேண்டாம், ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.