சின்ன பிக்சலுக்குள் எதை வைப்பது, எதை வெளியே அனுப்புவது? ஓஎல்இடி கேள்வி-பதில்

இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் இருந்தால் ஓஎல்இடி (கரண்ட் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிம டையோடு) பிக்சல் எரியும் என்று படித்தேன். அப்புறம் ஏன் போன் திரைகளில் ஏழு டிரான்சிஸ்டர்?

எரிவதற்கு இரண்டு போதும். எல்லாப் பிக்சலும் ஒரே அளவு எரியத்தான் மற்றவை. ஓஎல்இடியின் வெளிச்சம் கரண்டைப் பொறுத்தது. அந்த கரண்டைத் தருவது டிரைவ் டிரான்சிஸ்டர். அதன் கரண்டோ, கேட் (கட்டுப்படுத்தும் முனை) வோல்டேஜிலிருந்து திரெஷோல்டை (டிரான்சிஸ்டர் திறக்கத் தொடங்கும் வோல்டேஜ்) கழித்த மிச்சத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மிச்சம் 1 வோல்ட் இருக்கும் இடத்தில் திரெஷோல்ட் 0.1 வோல்ட் கூடிவிட்டால், கரண்ட் 0.81 மடங்காகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் போச்சு. போன் திரைகளில் லேசரால் படிகமாக்கிய பாலிசிலிக்கானில் (பல சிறு படிகங்களாலான சிலிக்கான்) படிக எல்லைகள் தாறுமாறாக விழுவதால், பக்கத்துப் பக்கத்து டிரான்சிஸ்டர்களுக்கே இந்த வித்தியாசம் வரும். அதனால்தான் டிரைவ் டிரான்சிஸ்டரின் கேட்டையும் டிரெயினையும் (கரண்ட் வெளியேறும் முனை) சற்று நேரம் இணைத்து, அதன் திரெஷோல்டை அதன் கெப்பாசிட்டரிலேயே பதிய வைக்கிறோம். அப்படி இணைக்க, பழைய சார்ஜை அழிக்க, அந்த நேரத்தில் வெளிச்சத்தை நிறுத்த என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சுவிட்ச் சேர்ந்துகொண்டே போகிறது.

அங்குலத்துக்கு 3000 பிக்சல் வேண்டும் என்றால் எந்த டிரான்சிஸ்டரை முதலில் தூக்கலாம்?

முதலில் இடத்தைக் கணக்குப் போடுங்கள். 25.4 மில்லிமீட்டரை 3000 ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 8.5 மைக்ரோமீட்டர். மூன்று நிறத்துக்கும் பட்டையாகப் பிரித்தால், சப்பிக்சலின் (ஒரு நிறத்துக்கான துண்டு) அகலம் 3 மைக்ரோமீட்டருக்கும் கீழே. கண்ணாடி மேல் செய்யும் டிரான்சிஸ்டர்களுக்கு இது மிகவும் நெருக்கடியான இடம். அதனால்தான் இந்த அடர்த்தியில் ஒரே படிகமான சிலிக்கான் தகட்டுக்கு, அதாவது வேஃபருக்குப் போகிறார்கள். அங்கே படிக எல்லைத் தொல்லை இல்லை.

டிரான்சிஸ்டரைத் தூக்கும் முன்னால் லேஅவுட்டில் (பாகங்களை அடுக்கும் வரைபடம்) வீணாகும் இடத்தைப் பாருங்கள் என்பேன். என்-மாஸ், பி-மாஸ் என்ற இரு வகை டிரான்சிஸ்டர்களையும் பிக்சலுக்குள் கலந்தால், வெல்லுக்கும் (ஒவ்வொரு வகையும் உட்காரும் சிலிக்கான் பகுதி) வெல்லுக்கும் விட வேண்டிய இடைவெளியே நிறைய இடத்தைத் தின்றுவிடும். பிக்சலுக்குள் எல்லாவற்றையும் பி-மாஸாக வைத்து ஒரே வெல்லில் போடுங்கள். பக்கத்துப் பிக்சலைக் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பி வைத்தால் சப்ளை லைனும் கான்டாக்டும் பொதுவாகிவிடும். வெளிச்சத்தை நிறுத்தும் சுவிட்சை ஒரு வரிசைக்கே ஒன்றாக ஓரத்தில் வைக்கலாம். திரெஷோல்ட் திருத்தத்தையே வெளியே அனுப்புவதும் உண்டு: பெரிய ஓஎல்இடி டிவிக்களில் பிக்சலுக்குள் மூன்றே டிரான்சிஸ்டர் வைத்து, அளவெடுப்பதையும் திருத்துவதையும் வெளியில் செய்கிறார்கள். ஆனால் அதற்கு அளவெடுக்கும் லைன், நினைவகம், நேரம் எல்லாம் வேண்டும்.

சிமுலேஷனில் வெள்ளை அழகாக வருகிறது. கருமையான சாம்பல் நிறங்கள் மட்டும் திட்டுத் திட்டாக இருக்கின்றன. ஏன்?

அடர்த்தி கூடும்போது உண்மையில் கஷ்டப்படுத்துவது இதுதான். அதே 8.5 மைக்ரோமீட்டர் பிக்சல், 1000 நிட் (சதுர மீட்டருக்கு 1000 கேண்டெலா) வெளிச்சம், திறன் ஆம்பியருக்கு 10 கேண்டெலா என்று வைத்துக்கொள்வோம். முழு வெள்ளைக்கே சுமார் 7 நானோ ஆம்பியர்தான் வேண்டும். சப்பிக்சலுக்குச் சராசரியாக 2 நானோ ஆம்பியர் சொச்சம். காமா (சாம்பல் நிலை எண்ணை வெளிச்சமாக மாற்றும் அடுக்கு) 2.2 என்றால், 255 இல் 10 ஆவது நிலைக்கு ஒரு சப்பிக்சலுக்கு வெறும் 2 பிக்கோ ஆம்பியர் (பிக்கோ, நானோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இந்த இடத்தில் டிரான்சிஸ்டர் திரெஷோல்டுக்குக் கீழே ஓடுகிறது, வர்க்க விதி செல்லாது. 80 மில்லிவோல்டுக்குக் கரண்ட் பத்து மடங்கு மாறுகிறது என்றால், 5 மில்லிவோல்ட் வித்தியாசமே 15 சதவீதப் பிழை.

சிலிக்கானில்கூட அந்த 5 மில்லிவோல்ட் எளிதாக வந்துவிடும். பக்கத்து டிரான்சிஸ்டர்களுக்கு இடையிலான வேறுபாடு, கேட் பரப்பின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் போகும். 1989 இல் மார்செல் பெல்க்ரோமும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையால் இந்த விதி அவர் பெயரிலேயே வழங்குகிறது. பரப்பை நான்கில் ஒன்றாக்கினால் வேறுபாடு இரட்டிக்கும். ஆகவே சுவிட்சுகளைச் சுருக்குங்கள், டிரைவ் டிரான்சிஸ்டரைக் கடைசிவரை சுருக்காதீர்கள். இருக்கும் இடத்தில் அதன் சேனல் (கரண்ட் ஓடும் பாதை) எவ்வளவு நீளமாக முடியுமோ அவ்வளவு நீளமாக இருக்கட்டும். அப்படியும் திட்டு போகவில்லையா? கரண்டைக் கூட்டி, எரியும் நேரத்தைக் குறையுங்கள். கண்ணுக்குச் சராசரிதான் தெரியும். டிரான்சிஸ்டரோ அதற்குச் சௌகரியமான இடத்தில் ஓடும்.

கெப்பாசிட்டரை எவ்வளவு சிறிதாக்கலாம்?

இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று லீக்கேஜ்: 50 ஃபெம்டோ ஃபாரட் (ஃபெம்டோ, பிக்கோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கெப்பாசிட்டரிலிருந்து 0.1 பிக்கோ ஆம்பியர் கசிந்தால், 60 ஹெர்ட்ஸ் ஃபிரேம் ஒன்றில் 33 மில்லிவோல்ட் நகர்ந்துவிடும். மேலே சொன்ன 5 மில்லிவோல்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கசிவு 1 ஃபெம்டோ ஆம்பியர் என்றால் 0.33 மில்லிவோல்ட்தான். கசிவு மிகக் குறைந்த ஆக்சைடு டிரான்சிஸ்டரைச் சுவிட்சாகக் கலக்கும் எல்டிபிஓ முறைக்கு மதிப்பு வந்தது இதனால்தான். இன்னொன்று வெப்ப இரைச்சல்: அறை வெப்பநிலையில் 10 ஃபெம்டோ ஃபாரடில் 0.64 மில்லிவோல்ட், 1 ஃபெம்டோ ஃபாரடில் 2 மில்லிவோல்ட். இடம்தான் பிரச்சினை என்றால் கெப்பாசிட்டரைக் குறைக்க வேண்டாம், டிரான்சிஸ்டர்களுக்கு மேலே உலோக அடுக்குகளுக்கு ஏற்றிவிடுங்கள்.

டைமண்ட் பென்டைல் என்னும் சப்பிக்சல் வரிசை ஏமாற்று வேலையா?

இல்லை. பச்சை ஒவ்வொரு பிக்சலிலும் இருக்கிறது, சிவப்பும் நீலமும் மாறி மாறி வருகின்றன. நுணுக்கத்தைக் கண் பெரும்பாலும் பச்சையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சப்பிக்சல் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைவதால், ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஒன்றரை மடங்கு இடம் கிடைக்கும். போனுக்கு நான் இதைத் தயங்காமல் எடுப்பேன். லென்ஸ் வைத்துப் பெரிதாக்கிப் பார்க்கும் தலைக்கவசத் திரையில், எழுத்துகளின் ஓரத்தை முதலில் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.