மோரிஸ் மைனரில் ஸ்பார்க் இல்லையா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

வணக்கம். உங்கள் 1964 மோரிஸ் மைனர் காரில் பாயின்ட்டை (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்சை) எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் எலெக்ட்ரானிக் மாட்யூல் போட்டதும் ஸ்பார்க்கே வரவில்லை என்கிறீர்கள். முதலில் பேட்டரியைப் பாருங்கள். பாடியில் முடுக்கியிருக்கும் தடித்த வயர் எந்த முனையிலிருந்து வருகிறது? மைனர் தயாரானபோதே பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். நெகட்டிவ் எர்த் மாட்யூலை அதில் மாட்டிச் சாவியைத் திருப்பினால் நொடியில் எரிந்துவிடும். என்னுடைய முதல் மாட்யூல் அப்படித்தான் போனது.

எர்த் சரி என்றால், ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், மாட்யூல் உட்காரும் தட்டையும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாடியையும் இணைக்கும் குட்டி வயரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வேக்குவம் அட்வான்ஸ் (எஞ்சினின் உறிஞ்சலால் ஸ்பார்க் நேரத்தை முன்னகர்த்தும் அமைப்பு) தட்டைத் திருப்பித் திருப்பி, மேலுறை நன்றாக இருக்கும்போதே உள்ளே கம்பி அறுந்திருக்கும்.

அப்புறம் ஸ்பார்க்குக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயில். மல்டிமீட்டரில் பிரைமரி (பேட்டரி மின்சாரம் ஓடும் சுருள்) 3 ஓம் அளவில் காட்ட வேண்டும், 1.5 காட்டினால் அது தனி ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய பாலாஸ்ட் காயில், மாட்யூல் சூடாகிவிடும். எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆனில் விடாதீர்கள்.