முதலில் நிற்கட்டும், அப்புறம் ஓடட்டும்: ட்ராக் கார் கேள்வி-பதில்

சொந்தமாக ட்ராக் கார், அதாவது ரேஸ் ட்ராக்கில் ஓட்டும் கார், கட்டுவது பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் குதிரைத்திறனைப் பற்றியவை. அவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் ஒரு கார் என் முன்னால் வந்து நின்றால் நான் முதலில் பார்ப்பது பிரேக்கையும் ரோல் கேஜையும்தான் (கார் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு). பதில்களிலும் அது தெரியும்.

கேள்வி: அண்ணே, லோட்டஸ் செவன் என்கிற மேல் மூடாத லேசான ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ரெண்டு சீட்டர் ஒன்று கட்டி, வாரக் கடைசியில் நம்ம ரோட்டிலும் ஓட்டணும், ட்ராக்கிலும் ஓட்டணும். ஆர்டிஓ ஆபீசில் பதிவு செய்ய முடியுமா? (திருமங்கலம்)

முடியாது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள் தம்பி. 1957இல் லோட்டஸ் செவன் வந்த பிரிட்டனில், வீட்டில் கட்டிய ஒற்றைக் காரைப் பரிசோதித்து ரோட்டுக்கு அனுமதி தரும் முறை இன்றும் இருக்கிறது. இங்கே தயாரிப்பாளர் ஒரு மாடலைச் சோதனை மையத்தில் கொடுத்துச் சான்று வாங்கினால்தான் அந்த மாடல் பதிவாகும். பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்பின் ஆர்சி புத்தகத்தை வைத்துக்கொண்டு மேலே வேறு உடம்பைப் பூட்டி ஓட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. பதிவில்லாத வண்டியைப் பொது ரோட்டில் இறக்கினால் அதே சட்டத்தின் 39ஆம் பிரிவை மீறுவதாகும். 'சும்மா டெஸ்ட் பண்ண' ரிங் ரோடு வரை போவதும் அதில் அடக்கம்.

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. ரோடு வேண்டாம் என்று முடிவெடுத்தால் ஹெட்லைட், வைப்பர், ஹாரன், ஸ்டெப்னி எதுவும் வேண்டாம். அத்தனை எடையும் குறையும், காசும் மிஞ்சும்.

கேள்வி: லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சேஸுக்கு (காரின் அடிச்சட்டத்துக்கு) ஜிஐ பைப் போதுமா? ரோல் கேஜையும் அதிலேயே வளைத்துவிடலாமா? (கே.புதூர்)

இரண்டுக்கும் வேண்டாம். ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகக் கிளம்பும். அதை மூச்சில் இழுத்தால் அன்று ராத்திரியே காய்ச்சல் வரும். ஜாயிண்டுக்குள்ளும் ஓட்டை ஓட்டையாகக் குமிழி விழும். தண்ணீர்க் குழாய் தண்ணீருக்குத்தான்.

செவன் மாதிரி சேஸுக்கு 25 மி.மீ. சதுரக் குழாய், 1.6 மி.மீ. கனம், பூச்சில்லாத மைல்ட் ஸ்டீல். கப்பலூர் பக்கம் இரும்பு வாங்கினால் நீளத்தைப் பார்த்து நேராக இருக்கிறதா என்று கண் வைத்துத் தேர்ந்தெடுங்கள். வளைந்ததைத் திருப்பிக் கொடுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. சேஸின் பலம் குழாயின் கனத்தில் இல்லை, முக்கோணத்தில் இருக்கிறது. நான்கு குழாயால் ஒரு சட்டம் செய்து மூலையில் கையை வைத்து அழுத்திப் பாருங்கள், சாயும். குறுக்கே ஒரு குழாயைப் போட்டால் அசையாது. எஞ்சின் இறக்கும் இடமும் ஆள் உட்காரும் இடமும் திறந்தே இருக்க வேண்டியிருப்பதால் செவன் சேஸ் அங்கேதான் முறுக்கிக்கொள்ளும். அந்த இரண்டு இடத்துக்கும் பக்கவாட்டில் முக்கோணம் கூடுதலாக வேண்டும்.

வேலை முழுவதும் மட்டமான மேசையில் நடக்கட்டும். முதலில் எல்லா ஜாயிண்டிலும் டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் வையுங்கள். மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக வருகிறதா பாருங்கள். 2 மி.மீ. தப்பினால்கூட அந்த டேக்கைத் தட்டிவிட்டுத் திரும்ப வையுங்கள். அப்புறம் முழு வெல்டிங், அதுவும் ஒரே பக்கமாக ஓட்டாமல் இடது ஓரம் கொஞ்சம், வலது ஓரம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி. ஒரே பக்கம் சூடேற்றினால் சேஸ் வாழைக்காய் மாதிரி வளைந்துவிடும். இந்தக் கனத்துக்கு மிக் அல்லது டிக் வெல்டிங்தான். சாதாரண ஆர்க் வெல்டிங்கில் குழாய் ஓட்டை விழுந்துவிடும்.

கேஜ் தனிக் கதை. அதற்கு தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீல் குழாய். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதிப்படி, ஓட்டுபவருக்குப் பின்னால் எழும் பிரதான வளைவுக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம். குழாய் வாங்கும்போது மில் சான்றிதழையும் வாங்குங்கள், தொழில்நுட்பப் பரிசோதனையில் கேட்கலாம். வளைக்கும்போது உள் பக்கம் சுருங்கி மடிப்பு விழுந்தால் அந்தத் துண்டு காயலான் கடைக்குப் போகட்டும். பயிற்சி ஓட்டத்துக்குத்தானே என்று இதில் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். கார் கவிழும்போது ஓட்டுபவர் தலைக்கு மேல் இருப்பது அந்த ஒரு குழாய்தான்.

கேள்வி: எந்த எஞ்சின் போடலாம்? ஸ்விஃப்ட்டா, பைக் எஞ்சினா? ஜிப்ஸி எஞ்சினின் 80 குதிரைத்திறன் பத்தாதே? (மேலூர்)

உங்கள் கார் முன் எஞ்சின், பின் சக்கர இழுவை என்றால் மதுரைப் பக்கம் கையில் கிடைப்பதில் எனக்குப் பிடித்தது ஜிப்ஸியின் 1.3 லிட்டர் எஞ்சின். நீளவாக்கில் உட்காரும், அதற்குப் பொருந்தும் கியர்பாக்ஸும் கூடவே வரும். ஜிப்ஸியில் நான்கு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாகத் தொங்குவதால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு கியர்பாக்ஸிலிருந்து நேரே புரோப்பெல்லர் ஷாஃப்ட் இழுக்கலாம். ஸ்விஃப்ட் எஞ்சின் நல்ல எஞ்சின்தான், ஆனால் குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரத்தை இழுக்கப் பிறந்தது. அதைக் கியர்பாக்ஸோடு அப்படியே ஓட்டுபவருக்குப் பின்னால் வைத்துக் கட்டினால் அருமையாக இருக்கும். முன்னால் வைத்துத் திருப்ப நினைத்தால் அடாப்டர், கிளட்ச், ஸ்டார்ட்டர் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும்.

80 குதிரைத்திறன் பத்தாது என்று எழுதியிருக்கிறீர்கள். 550 கிலோ காரில் அது டன்னுக்கு 145 வருகிறது. ரோட்டில் போகும் ஸ்விஃப்ட்டில் கிட்டத்தட்ட அதே திறன் 850 கிலோவுக்கு மேல் இழுக்கிறது, டன்னுக்கு நூறைத் தொடாது. கோவைக்காரர் கரிவரதன் மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரைக் கட்டினார். இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் போட்டி ஓட்டத் தொடங்கியது அதில்தான்.

எஞ்சினைக் காயலான் கடையில் எடுத்தால் பில்லும், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்கான ஆர்சி நகலும் வாங்காமல் தூக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, கல்லூரி ஃபார்முலா ஸ்டூடண்ட் (மாணவர்கள் பந்தயக் கார் கட்டும் போட்டி) டீமில் இருக்கிறோம். பைக் எஞ்சின். நீளமான வலது வளைவில் ஆயில் பிரஷர் லைட் மினுக்குகிறது. நேர் ரோட்டில் சரியாக இருக்கிறது. (திருப்பரங்குன்றம்)

வண்டியை இப்போதே நிறுத்துங்கள். பைக் வளைவில் சாயும், அதனால் ஆயில் எப்போதும் சம்பின் (எஞ்சினின் ஆயில் தொட்டியின்) அடியிலேயே இருக்கும். கார் சாயாது. வலது வளைவில் ஆயில் முழுவதும் இடது சுவரில் ஏறிவிட, ஆயிலை பம்புக்கு உறிஞ்சும் பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சுகிறது. அந்த இரண்டு நொடியில் பேரிங் போய்விடும். சம்பைக் கழற்றி பிக்கப்பைச் சுற்றித் தடுப்புத் தகடு வையுங்கள். உள்ளே வரும் ஆயில் சட்டென்று வெளியே போகாதபடி ஒருவழிக் கதவு வைத்தால் இன்னும் நல்லது. ஆயிலைக் கூடுதலாக ஊற்றிச் சமாளிப்பது தற்காலிகம், கிராங்க் அதில் அடித்து நுரை கட்டும். சம்பைத் திறந்ததும் அடியில் பளபளவென்று தூள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் பேரிங்கையும் திறந்தாக வேண்டும்.

கேள்வி: கோவை கரி ட்ராக்கில் நான்கு லேப் ஓட்டியதும் பிரேக் பெடல் அடி வரை போகிறது. ஆறினால் சரியாகிவிடுகிறது. பேட் மாற்றணுமா? (திண்டுக்கல்)

பெடல் எப்படிப் போகிறது என்பதுதான் துப்பு. கால் வைத்தால் பொத்தென்று உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கல் மாதிரி இருக்கிறது, ஆனால் கார் நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் பிடியை விட்டிருக்கிறது. உங்களுடையது முதல் வகை.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு விதி கேட்பது 155 தான். கரி ட்ராக் சுமார் 2 கிலோமீட்டர், ஒரு பிரேக்குக்கும் அடுத்த பிரேக்குக்கும் நடுவில் டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது. ஆகவே ட்ராக்குக்குப் போகும் முன் முழு ஆயிலையும் மாற்றுங்கள். சீல் உடைக்காத டின்னாக வாங்குங்கள். பட்டறை அலமாரியில் பாதி மிச்சமிருக்கும் டின் வேண்டாம். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி, வரும் ஆயிலில் ஒரு குமிழிகூட இல்லை என்னும் வரை பிளீட் செய்யுங்கள், அதாவது பெடலை அழுத்தி ஆயிலை வெளியே விடுங்கள். காரின் மூக்கிலிருந்து டிஸ்கின் நடுப்பகுதிக்கு ஒரு காற்றுக் குழாய் இழுத்தால் பெரிய மாற்றம் தெரியும்.

ஓட்டும் முறையும் இருக்கிறது. கடைசி லேப்பைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி டிஸ்கை ஆற விடுங்கள். பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கட்டை வையுங்கள். முன் சக்கரம் பின் சக்கரத்துக்கு முன்பாகப் பூட்டிக்கொள்கிறதா என்பதையும் குறைந்த வேகத்தில் பார்த்துவிடுங்கள். பின் சக்கரம் முதலில் பூட்டினால் கார் சுழன்றுவிடும்.

கேள்வி: ரேஸ் டீம்கள் வைத்திருக்கும் எடைக் கருவி, அலைன்மென்ட் கருவி இல்லாமல் வீட்டிலேயே செட்டப் செய்ய வழி உண்டா? (ஒத்தக்கடை)

உண்டு, அதுவும் நன்றாகவே வரும். இந்த வேலையைச் சொல்லித்தருவதில் எனக்குத் தனி சந்தோஷம். ஒரு கொத்தனாரின் சாமான் பை போதும்.

முதலில் தரை. நான்கு சக்கரம் நிற்கும் இடத்தையும் டியூப் லெவல் வைத்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். குறைகிற இடத்தில் தகடு வையுங்கள். தரை 3 மி.மீ. தப்பினாலே எடைக் கணக்கு பொய் சொல்லும். பிறகு ஆள் எடை பார்க்கும் மெஷின் நான்கு, 180 கிலோ வரை தாங்கும் வகை. ஓட்டுபவர் சீட்டில் உங்கள் எடைக்கு அரிசி மூட்டை வையுங்கள், டேங்கில் பாதி பெட்ரோல், டயரில் சரியான காற்று. இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் பார் இருந்தால் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள். காரை மெஷின் மேல் ஏற்றியதும் நான்கு மூலையையும் அழுத்தி அழுத்தி விட்டு ஸ்பிரிங்கை நிலைக்கு வர விடுங்கள்.

முன் இடது எடையையும் பின் வலது எடையையும் கூட்டுங்கள். மொத்தத்தில் அது பாதி வர வேண்டும். வரவில்லை என்றால் கார் ஒரு பக்க வளைவில் ஒழுங்காகத் திரும்பி மறுபக்க வளைவில் முரண்டு பிடிக்கும். ஒரு மூலையில் ஸ்பிரிங் உட்காரும் தட்டை மேலே திருகினால் அந்த மூலையிலும் அதற்கு எதிர் மூலையிலும் எடை கூடும், மற்ற இரண்டில் குறையும். கால் திருகு, அரைத் திருகாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் எழுதி வையுங்கள்.

அப்புறம் நூல். காரின் இரண்டு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில், காரின் நடுக்கோட்டுக்கு இணையாக நூல் கட்டுங்கள். நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தால் டோ (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) கிடைத்துவிடும். 13 அங்குல ரிம்மில் 1 மி.மீ. வித்தியாசம் என்பது சுமார் 0.17 டிகிரி. கேம்பருக்கு, அதாவது சக்கரம் மேலே உள்ளேயோ வெளியேயோ சாயும் சாய்வுக்கு, தூக்குக்குண்டு. ரிம்மின் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட 12 மி.மீ. உள்ளே இருந்தால் கிட்டத்தட்ட 2 டிகிரி நெகட்டிவ். முன்னால் அந்த 2 டிகிரியில் தொடங்குங்கள், டோ நேராக இருக்கட்டும். பின்னால் ஜிப்ஸி ஆக்சில் என்றால் அங்கே மாற்ற ஒன்றுமில்லை. தனித்தனி சஸ்பென்ஷன் என்றால் பின் சக்கரம் ஒரு மி.மீ. உள்நோக்கி இருக்கட்டும், கார் அமைதியாக இருக்கும்.

டயர் காற்றை ரோடு கார் பழக்கத்தில் 30, 32 என்று வைக்காதீர்கள். இவ்வளவு லேசான காருக்குக் குளிர்ந்த நிலையில் 18 முதல் 20 பிஎஸ்ஐ போதும். ஓட்டி வந்ததும் சூட்டில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சித்திரை வெயிலில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறது. பெரிய ரேடியேட்டர் போடவா? (உசிலம்பட்டி)

அதற்கு முன் மூக்கில் நுழையும் காற்று ரேடியேட்டர் வழியாகத்தான் போகிறதா பாருங்கள். பக்கத்தில் சந்து இருந்தால் காற்று அதில்தான் போகும். சுற்றிலும் அலுமினியத் தகடும் ஸ்பாஞ்சும் வைத்து அடையுங்கள். கூலன்ட் ஊற்றும் எக்ஸ்பான்ஷன் டேங்க் மொத்த அமைப்பிலும் உயரமான இடத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் எஞ்சின் ஹெட்டில் காற்று அடைத்துக்கொள்ளும். போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் உடனே வடித்துவிடுங்கள், நம் பக்கத்து உப்புத் தண்ணீர் உள்ளே பாறையாகப் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் மட்டும்.

கேள்வி: சார், என் மகன் பட்டறையில் கார் கட்டுகிறான். வேண்டாம் என்று சொல்ல மனசில்லை, பயமாகவும் இருக்கிறது. நான் அவனிடம் என்னென்ன கேட்க வேண்டும்? (வாடிப்பட்டி)

அம்மா, நீங்கள் கேட்க நினைத்ததே பெரிய விஷயம். இதையெல்லாம் கேளுங்கள். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தபோது தலை கேஜுக்குக் கீழே குறைந்தது 5 செ.மீ. இருக்கிறதா? பெல்ட் ஆறு முனையில் பிடிப்பதா, அதன் காலாவதித் தேதி தாண்டவில்லையே? தோள் மேல் வரும் பெல்ட் பின்னால் சேஸ் குழாயில் கட்டியிருக்கிறதா? வெறும் தகட்டில் கட்டியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். கரன்ட்டையும் பெட்ரோல் பம்பையும் ஒன்றாக நிறுத்தும் சுவிட்ச், வெளியில் நிற்பவர் கைக்கும் எட்டுகிறதா? தீயணைப்பான் பெல்ட் கட்டிய நிலையில் அவன் கைக்கு எட்டுகிறதா? ஹெல்மெட் பைக்குக்கு வாங்கியதா, தீ தாங்கும் உள்துணி உள்ள கார் ஹெல்மெட்டா? கடைசியாக, பெல்ட்டை அவிழ்த்து வெளியே குதிக்கச் சொல்லி நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். எங்காவது கால் மாட்டினால் அந்த இடத்தை மாற்றாமல் ட்ராக்குக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து ட்ராக்குக்குக் காரை எப்படிக் கொண்டுபோவது? (அவனியாபுரம்)

டாடா ஏஸில் நீளம் பத்தாது. 14 அடி ஈச்சர் பேசுங்கள். ஒரு லாரியில் ஒரு கார்தான் ஏறும். கார் தரையோடு தரையாக இருப்பதால் குட்டை ராம்ப்பில் அடிவயிறு தட்டும். டிராக்டர் ஏற்றும் மண்மேடு பக்கத்தில் இருந்தால் லாரியைப் பின்னால் ஒட்டி நிறுத்தி அங்கிருந்தே தள்ளி ஏற்றிவிடலாம். கயிறு வேண்டாம், ராட்செட் பட்டை நான்கு, சக்கரத்தைச் சுற்றிக் கட்டுங்கள். சேஸில் கட்டினால் வழி முழுக்க ஸ்பிரிங் ஆடிப் பட்டை தளரும். கோவைக்குப் பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழி போனால் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி ட்ராக் நகருக்குள் நுழையாமலேயே வந்துவிடும். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் என்றால் முந்தின நாள் மதியமே கிளம்புங்கள். கோவை வழியில் ஒட்டன்சத்திரத்தில் டீக்கு நிற்கும்போது நான்கு பட்டையையும் ஒரு தடவை இறுக்கிவிடுங்கள்.