கையெழுத்துப் போடலாமா, டாக்டர்?

கேள்வி: டாக்டர் அம்மா, வணக்கம். கரும்புக்குச் சோகை உரிக்கும்போது என் அப்பாவுக்கு வலது கண்ணில் கரும்பு இலை கீறிவிட்டது. அவருக்கு 61 வயது. மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி ஐந்து நாள் விட்டோம். முதலில் சிவப்பு குறைந்தது. பிறகு கண்ணையே திறக்க முடியவில்லை. புதுச்சேரிக்குக் கூட்டிப் போனால் பூஞ்சைப் புண் என்கிறார்கள். ஆராய்ச்சியில் சேர விருப்பமா என்று கேட்டு நாலு பக்கப் படிவமும் கொடுத்திருக்கிறார்கள். "உன் அப்பனை எலியா வெச்சுப் பார்க்கிறாங்க, போடாதே" என்கிறார் சித்தப்பா. என்ன செய்வது?
- ஒரு வாசகி, குறிஞ்சிப்பாடி

பதில்: உங்களுக்கு அன்றே போனில் சொல்லிவிட்டேன். இந்தக் கண்ணுக்குப் பத்திரிகை வரும்வரை பொறுமை கிடையாது. நெல்லும் கரும்பும் முந்திரியும் விளைகிற நம் மாவட்டத்தில் இதே நிலைமையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொட்டு மருந்து. சிவப்பு குறைந்து பிறகு மோசமானது என்று படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்று ஏதாவது அச்சடித்திருக்கிறதா பாருங்கள். இவை ஸ்டீராய்டு. சிவப்பையும் வலியையும் அடக்கிவிடும், நமக்கும் குணமாகிறது என்று தோன்றும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும். பாட்டிலை வீசிவிடாமல் எடுத்துப் போய் அங்குள்ள டாக்டரிடம் காட்டுங்கள். எத்தனை நாள் விட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்டமாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

இனி படிவம். அதற்கு முன் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூரில் நான் கிளினிக் வைத்த காலத்தில், நடவு முடிந்து களையெடுக்கும் பருவம் வந்தால் வாரம் இரண்டு பேராவது இப்படி வருவார்கள். விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் விட்டுப் பார்த்து, "கண்ணுல பூ விழுந்துடுச்சும்மா" என்றபடி முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்பில் பார்த்தால் கருவிழியில் சாம்பல் நிறப் புண், ஓரம் கோழி இறகு போலப் பிசிறடித்திருக்கும். மரத்துப்போக மருந்து விட்டு, புண்ணைக் கொஞ்சம் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மூங்கில் கணுப் போலக் குறுக்குக் கோடு போட்ட இழைகள் கிளை விட்டு ஓடும். அதுதான் பூஞ்சை.

இதற்கு எங்களிடம் இருந்தது நாட்டாமைசின். பழைய மருந்து, பால் போலக் கலங்கலாக இருக்கும், குலுக்கித்தான் விட வேண்டும், கண் ஓரத்தில் வெள்ளையாகப் படியும். கருவிழிக்குள் ஆழமாக இறங்காது என்று அதன் மேல் எங்களுக்கு ஒரு குறை. பிறகு வோரிகோனசோல் வந்தது. புதியது, விலை அதிகம், நன்றாக ஊடுருவும் என்றார்கள். கையில் காசு உள்ளவர்களுக்கு நான் புதியதைத்தான் எழுதிக் கொடுத்தேன். நல்லது செய்கிறேன் என்று முழுமனதாக நம்பித்தான் எழுதினேன்.

எது உண்மையில் நல்லது என்று 2010இல் ஒரு பரிசோதனை தொடங்கியது. மதுரை, புதுச்சேரி, கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனைகளும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தினார்கள். 368 பேரைச் சேர்ப்பது திட்டம். யாருக்கு எந்த மருந்து என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை. உத்திரமேரூர்க் குடவோலையில் சின்னப் பிள்ளையை விட்டு ஓலை எடுக்கச் சொன்னார்களே, அந்த மாதிரிதான். மூன்று மாதம் கழித்துப் பார்வையை அளந்தவருக்கும் யார் எந்த மருந்து என்று தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா?

323 பேர் சேர்ந்தபோதே நிறுத்திவிட்டார்கள். புதிய மருந்து விட்டவர்களுக்குக் கருவிழி ஓட்டையாவது அதிகமாக இருப்பதைக் கண்காணிப்புக் குழு கண்டுபிடித்தது. 2013இல் முடிவு வெளிவந்தது. பழைய நாட்டாமைசின்தான் ஜெயித்தது. பியூசேரியம் என்கிற பூஞ்சை தாக்கிய கண்களில், நாட்டாமைசின் விட்டவர்கள் பார்வைப் பலகையில் சராசரியாக நாலு வரி கூடுதலாகப் படித்தார்கள். நாலு வரி என்றால் பஸ் வருவது தெரிவதற்கும் பஸ்ஸின் போர்டைப் படிப்பதற்கும் உள்ள தூரம். அதைப் படித்த அன்று இரவு, நான் புதிய மருந்து எழுதிக் கொடுத்த முகங்களெல்லாம் வரிசையாக வந்துபோயின.

அடுத்து, கண் மோசமானவர்களுக்கு அதே வோரிகோனசோலை மாத்திரையாகச் சேர்த்துக் கொடுத்தால் கண் தப்புமா என்று இந்தியாவிலும் நேபாளத்திலும் 240 பேரிடம் பார்த்தார்கள். 2016இல் வந்த முடிவு, பொதுவாகப் பலனில்லை, பக்கவிளைவுதான் கூடியது என்றது. எத்தனை குடும்பங்களுக்கு நகையை அடகு வைக்கும் வேலை மிச்சமாயிற்று என்று யோசியுங்கள். 2017இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டாமைசினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இன்று உங்கள் அப்பாவுக்கு மணிக்கொரு முறை எந்தச் சொட்டு விடுவது என்று எங்களுக்குத் தெரிகிறதென்றால், வயலில் கீறலோடு வந்து அன்றைக்குக் கையெழுத்தோ ரேகையோ வைத்த அந்த மனிதர்களால்தான். சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடாதீர்கள். சித்தப்பாவின் பயத்தையும் நான் தள்ளவில்லை. படிவம் தமிழில் இருக்க வேண்டும். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டால், மருத்துவமனையைச் சேராத ஒரு சாட்சி முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். சேராவிட்டால் என்ன மருந்து கொடுப்பீர்கள், எந்த மருந்தோடு எந்த மருந்தை ஒப்பிடுகிறீர்கள், எத்தனை முறை வர வேண்டும், பஸ் செலவு யாருடையது என்று கேளுங்கள். நோயாளிகளுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும், ஆராய்ச்சிக்குப் பதிவு எண்ணும் உண்டா என்றும் கேளுங்கள். புதிய மருந்துப் பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் 2019ஆம் ஆண்டு விதிகளில் வழி இருக்கிறது. பாதியில் வேண்டாம் என்று விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடமானால், என் அப்பாவாக இருந்தால் நான் போடச் சொல்வேன். படிவத்தின் ஒரு நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.

கேள்வி: நான்கு வயதுப் பேரன் என் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்புப் பாக்கெட்டை எடுத்து அழுத்த, கண்ணில் பீய்ச்சி அடித்துவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவி, துணியால் கட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளை இப்போது தேறி வருகிறான். நாங்கள் செய்தது சரியா?
- ஒரு பாட்டி, அரியாங்குப்பம்

பதில்: கழுவியது சரி அம்மா. ஒரு சொம்பு போதாது, கட்டியிருக்கவும் கூடாது. ஆசிட் பட்டால் மேல் தசை வெந்து அதுவே ஓரளவு தடுப்பாகிவிடும். சுண்ணாம்பு காரம், அது உள்ளே கரைத்துக்கொண்டே போகும். அதிலும் மேல் இமைக்கு அடியில் ஒரு கட்டி ஒட்டிக்கொண்டால், பிள்ளை இமைக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து எரிக்கும். பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கிற மாதிரி தலையைச் சாய்த்து, ஒருவர் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இமைகளை விரித்து, சுத்தமான தண்ணீரை அரை மணி நேரம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை அலறும். கையை எடுத்துவிடாதீர்கள். அதன் பிறகு ஆஸ்பத்திரி. அங்கே இமையைப் புரட்டித் துகளை எடுத்து, ஒரு காகிதத் துண்டைக் கண்ணீரில் நனைத்து நிறம் பார்த்து, காரம் தணியும்வரை கழுவுவார்கள்.

பாக்கெட் சுண்ணாம்பு வீட்டில் வேண்டாம். பழையபடி மூடி போட்ட டப்பாவில் வைத்து உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: கண்ணில் விழுந்த பூ தேன் விட்டால் கரையுமா?
- ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: கரையாது. அது தழும்பு. பார்வையை மறைக்கும் அளவு இருந்தால் கருவிழி மாற்று அறுவைதான் வழி, அதற்கு யாராவது தானம் தர வேண்டும். நாட்டின் முதல் கண் வங்கி 1945இல் சென்னை எழும்பூரில்தான் தொடங்கியது. அப்படியும், கருவிழி கேட்டுக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் ஒருவர் இறந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து, ஃபேனை நிறுத்திவிட்டுக் கண் வங்கிக்குப் போன் செய்யுங்கள், வீட்டுக்கே வருவார்கள். கண்ணாடி போட்டவரும், கண்புரை ஆபரேஷன் செய்தவரும், சர்க்கரை உள்ளவரும் கொடுக்கலாம்.