இரவெல்லாம் அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ போடுகிறார்கள். இரண்டாவது கீமோ முடிந்து எட்டு நாள் ஆகிறது. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். காய்ச்சல் வந்துவிடுமோ என்ற பயத்தில் இரவில் மணிக்கொரு தரம் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். நேற்றுக் கஞ்சியைத் தள்ளிவிட்டார் என்று கத்திவிட்டேன். அவரும் அழுதார், நானும் அழுதேன். சென்னையில் இருக்கும் அண்ணன் தினமும் போன் செய்து, ‘முள் சீத்தா ஜூஸ் கொடு, சர்க்கரையை நிறுத்து’ என்கிறார். என்னால் முடியவில்லை டாக்டர்.
ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: முதலில் அந்தக் கஞ்சி விஷயம். மாதக்கணக்கில் ஒழுங்காகத் தூங்காத எவருக்கும் வருகிற கோபம்தான் அது. ‘தூக்கம் இல்லாம கத்திட்டேம்மா’ என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மனதில் போட்டு வருந்திக்கொண்டே இருக்காதீர்கள்.

நீங்கள் எல்லாவற்றையும் எல்லா நேரமும் கவனித்துக்கொண்டிருக்கிறீர்கள். அது யாராலும் ஆகாத காரியம். எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், மற்ற நேரத்தில் நீங்கள் கண்ணை மூடலாம்.

கட்டாயம் பார்க்க வேண்டியது காய்ச்சல். உங்கள் பயம் சரியானதுதான். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அம்மா இப்போது அந்த நாட்களில்தான் இருக்கிறார். ஆனால் கையால் தொட்டுப் பார்ப்பதை நம்ப முடியாது. மருந்துக்கடையில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். காலை, மாலை, படுக்கப் போகும் முன் என மூன்று வேளை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்புறம் தூங்குங்கள். குளிர்கிறது, உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்றால் அம்மாவே உங்களை எழுப்பட்டும். தலைமாட்டில் ஒரு மணியோ போனோ வைத்துவிடுங்கள்.

தெர்மாமீட்டர் 100.4 டிகிரி பாரன்ஹீட் காட்டினால், நடுராத்திரி என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சல் அடங்கியது போலத் தெரியும், உள்ளே கிருமி ரத்தத்தில் பரவிக்கொண்டிருக்கலாம். அவசரப் பிரிவில் நுழைந்ததும், ‘கீமோ போட்டு இத்தனை நாள் ஆகிறது, காய்ச்சல்’ என்பதையே முதலில் சொல்லுங்கள். கீமோ போட்டவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். கீமோ விவரம் உள்ள சீட்டுகளை ஒரே பையில் போட்டுக் கதவுப் பக்கம் மாட்டி வையுங்கள். உடம்பு தூக்கிப்போடுகிற குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல், ரத்தக்கசிவு, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, நிற்காத பேதி, பேச்சில் குழப்பம் இவற்றுக்கும் இதே அவசரம்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் விட்டுப்பிடியுங்கள். கீமோவில் நாக்கின் ருசியே மாறிவிடும், சிலருக்கு எல்லாமே இரும்பு மாதிரி இருக்கும். தாளிக்கிற வாசனையே குமட்டலைக் கிளப்பும். சமைக்கும்போது அம்மா வேறு அறையில், காற்றோட்டமாக இருக்கட்டும். சூடு ஆறிய உணவில் வாசனை குறைவு. மூன்று வேளைத் தட்டு வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு இட்லி, நன்றாக வெந்த ஒரு முட்டை, ஒரு கிண்ணம் பருப்புக் கஞ்சி என்று கொடுத்துப் பாருங்கள். வாந்தி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுக்கலாம். அந்த மாத்திரையாலேயே மலச்சிக்கல் வந்து பசி கெடுவதும் உண்டு, அதையும் டாக்டரிடம் கேளுங்கள். வெளியில் வெட்டி வைத்த பழம், கடைச் சட்னி, அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். வாய்ப்புண் இருந்தால் ஒரு லிட்டர் ஆறவைத்த நீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து அடிக்கடி கொப்பளிக்கச் சொல்லுங்கள். எடையை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். ஒரு வேளை தள்ளிவிட்டதற்காக யாரும் அழ வேண்டியதில்லை.

அண்ணனுக்குச் சொல்லுங்கள்: முள் சீத்தா புற்றுநோயைக் குணமாக்கியதாக மனிதர்களிடம் நிரூபணம் கிடையாது. கீமோ மருந்துகள் பலவற்றைக் கல்லீரல்தான் கையாள்கிறது. அந்த நேரத்தில் மூலிகைச் சாறுகளை ஏற்றினால் மருந்தின் அளவே மாறிப்போகலாம். சர்க்கரை நோய் இல்லாதவர் காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொள்வதால் கட்டி வளர்ந்துவிடாது. எடை குறைவதுதான் இப்போது ஆபத்து.

பார்க்க வருகிறவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். சளி, இருமல் உள்ள யாரும் இந்த வாரம் உள்ளே வர வேண்டாம். ‘முடியெல்லாம் போச்சே’ என்று அம்மா எதிரில் ஒப்பாரி வைக்கிற உறவினரை வாசலிலேயே தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவதில் ஒரு தப்பும் இல்லை. ‘எதுவும் உதவி வேண்டுமா’ என்று கேட்பவருக்கு வேலை கொடுங்கள். ஒருவர் மாலையில் இரண்டு மணி நேரம் அம்மாவோடு உட்காரட்டும், நீங்கள் அந்த நேரம் படுங்கள். அம்மாவுக்கும் எப்போதும் நோய்ப் பேச்சே வேண்டியிருக்காது. பழைய கதை பேச ஆள் கிடைத்தால் அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுமையும் விடாமல் இருந்தால் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். அம்மாவின் டாக்டரிடமும் உங்கள் தூக்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள். நோயாளியைப் பற்றி மட்டும்தான் எங்களிடம் பேச வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் விழுந்துவிட்டால் அடுத்த கீமோவுக்கு அம்மாவை யார் கூட்டிவருவார் என்ற கவலை எங்களுக்கும் உண்டு.

சிகிச்சைக்கு ரயிலில் போவதாக இருந்தால், புற்றுநோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கீமோவுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. அந்தத் தேதியை இன்றே அண்ணனுக்குச் சொல்லி, முதல் நாளே அவரை ஊருக்கு வரச் சொல்லுங்கள். அன்றைக்கு அம்மாவோடு அவர் போகட்டும். தெர்மாமீட்டர் நோட்டையும் சீட்டுப் பையையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் வீட்டில் தூங்குங்கள்.