நங்கூரம் இழுபட்டால் முதலில் கயிற்றைப் பாருங்கள்

தூத்துக்குடிப் பக்கம் 24 அடி ஃபைபர் படகில் தூண்டில் தொழிலுக்குப் போகிறவர் கேட்டிருக்கிறார்: எட்டு பாகத் தண்ணீரில் நங்கூரம் போட்டால், காற்று கொஞ்சம் ஏறியதுமே இழுபட ஆரம்பிக்கிறது, பார்மேல், அதாவது கடலடிப் பாறைத்திட்டின்மேல், போட்டாலோ மாட்டிக்கொண்டு கயிற்றை அறுத்துவிட்டு வர வேண்டியிருக்கிறது, இன்னும் கனமான நங்கூரம் வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம், அந்தக் காசைக் கயிற்றிலும் சங்கிலியிலும் போடுங்கள். நங்கூரம் வெறும் கனத்தால் படகைப் பிடிப்பதில்லை, அதன் நாக்கு தரையில் புதைந்துதான் பிடிக்கிறது. இழுப்பு தரையோடு படுத்தாற்போல் வந்தால் இன்னும் ஆழமாகப் புதையும், மேல்நோக்கி வந்தால் பிடுங்கிக்கொள்ளும். எட்டு பாகம் என்பது 48 அடி, அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், உயரம் ஒரு 3 அடி, ஆக 51. இதில் ஐந்து மடங்கு, அதாவது 255 அடி கயிறு விட வேண்டும். காற்று ஏறினால் ஏழு மடங்கு, 357 அடி. வெறும் 100 அடி விட்டால் எந்த நங்கூரமும் நிற்காது.

நங்கூரத்தை ஒட்டிப் படகின் நீளத்துக்காவது சங்கிலி இருக்கட்டும். 8 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ, 7 மீட்டர் போட்டால் 10 கிலோ கனம் தரையில் கிடந்து இழுப்பைத் தாழ்த்தும். கயிறு 12 மி.மீ. நைலான் போதும், நீண்டு கொடுத்து அலையின் அடியை வாங்கிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலின் மலிவுதான், ஆனால் மிதக்கும், காற்று குறைந்து கயிறு தொய்ந்ததும் புரொப்பல்லரில் சுற்றும்.

சேற்றுக்கும் மணலுக்கும் தட்டை நாக்குள்ள டேன்ஃபோர்த் வகை, உங்கள் படகுக்கு 8 முதல் 10 கிலோ. பாருக்கு அது சரிவராது, நாலு கொக்கியுள்ள கம்பி நங்கூரம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் சங்கிலியை மேல்வளையத்தில் மாட்டாமல், அடியில் கொக்கிகள் பிரியும் இடத்தில் ஷேக்கிள் (ஆணி போட்டு மூடும் இரும்பு வளையம்) போட்டு மாட்டி, தண்டோடு மேலே கொண்டுவந்து வளையத்தில் நூல்கயிற்றால் இரண்டு சுற்று கட்டுங்கள். மாட்டிக்கொண்டால் படகை நேர் மேலே கொண்டுவந்து அணியத்திலிருந்து இழுங்கள். நூல் அறுந்து இழுப்பு அடிப்பக்கம் மாறும், கொக்கி போன வழியே திரும்பி வந்துவிடும். ராத்திரி படுக்கும்போது மட்டும் இந்தக் கட்டு வேண்டாம், காற்று திரும்பினால் நூல் தானாகவே அறுந்துவிடலாம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி உயிருள்ள பவளத்தின்மேல் எந்த நங்கூரமும் போடாதீர்கள். உடைந்த பவளம் மறுபடி வளர வருஷக்கணக்காகும், மீன் அண்டுவதே அங்கேதான்.

போட்டபின் எஞ்சினை மெதுவாகப் பின்னால் ஓட்டிக் கயிற்றை இறுக்குங்கள், அப்புறம் கரையில் அனல்மின் நிலையப் புகைபோக்கி மாதிரி ஒன்றையும் அதற்கு முன்னால் இருக்கும் இன்னொரு அடையாளத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். படகு ஒரே இடத்தில் ஆடினால் கோடு கொஞ்சம் விலகித் திரும்பி வரும். விலகிக்கொண்டே போனால் இழுபடுகிறது.

கடைசியாக, தயவுசெய்து பின்பக்கம் கட்டாதீர்கள். எஞ்சின் கனத்தில் அந்தப் பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறது, அலை நேராக உள்ளே ஏறினால் படகு நிரம்ப ஒரு நிமிஷம் ஆகாது. கயிறு அணியத்தில்தான், அதன் நுனி படகில் கட்டியபடி, கத்தி கைக்கெட்டும் இடத்தில்.