பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை நோய் இருந்தால் எனக்கும் வந்தே தீருமா? சாப்பாட்டையும் பழக்கத்தையும் மாற்றித் தடுக்க முடியுமா?

மார்த்தாண்டம் பக்கம் ஊர், வயது 34, அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை, உங்கள் பரிசோதனையில் "எல்லையில் இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார்கள். வந்தே தீரும் என்று இல்லை. பல வருஷம் தள்ளிப்போடலாம், நிறையப் பேருக்கு வராமலே போகிறது. நான் மருத்துவர் இல்லை. தக்கலைப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நம் மாவட்டத்துக்காரர் கேட்பதால் நம் ஊர்ச் சாப்பாட்டை வைத்தே சொல்கிறேன்.

முதலில், இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை என்பதற்கு ஒரு ஆதாரம். இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு என்று சென்னையில் நடத்தி 2006-ல் வெளியிட்டார்கள். உங்களைப் போல எல்லையில் இருந்த 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். பொதுவான அறிவுரையோடு விடப்பட்ட குழுவில் மூன்று வருஷத்துக்குள் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. தினம் அரைமணி நேரம் நடந்து, சாப்பாட்டைத் திருத்திக்கொண்ட குழுவில் 39 பேருக்கு. மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை மட்டும் எடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவு; இரண்டையும் சேர்த்துச் செய்தும் கூடுதல் பலன் இல்லை. அதாவது நடையும் தட்டும் மாத்திரைக்குச் சமமாக நின்றிருக்கின்றன. அந்த 39 பேரையும் மறக்கக் கூடாது. எல்லாம் ஒழுங்காகச் செய்தும் சிலருக்கு வரும். அது அவர்கள் குற்றம் இல்லை.

இனி நம் தட்டுக்கு வருவோம். சர்க்கரை என்றதும் கஞ்சியையும் மீனையும் விட்டுவிட்டு ஓட்ஸ் வாங்க ஓடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அதற்கு அவசியமே இல்லை. சாளை, நெத்திலி, அயிலை, பயறு, முருங்கைக்கீரைத் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), அவியல் என்று நோய்க்கு அணைபோடுகிற சாமான் எல்லாம் நம் அடுக்களையில்தான் இருக்கிறது. கெட்டுப்போனது அளவு. என் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பி, மேடும் பள்ளமுமாக மரம் மரமாக வெட்டி, திரும்ப அதே சுற்றில் பால் எடுத்து, சுமந்து இறக்கி, அதன்பிறகு ஒரு தட்டு மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளைக் கறியும் சாப்பிடுவார். அத்தனையும் வேலையில் எரிந்துபோகும். இன்று என் தம்பி கடையில் பில் போடுகிறான், நாள் முழுக்க நாற்காலி. அவனுக்கும் அதே தட்டுக் கிழங்கு, அது போதாமல் மேலே சோறு. பச்சை மரச்சீனியில் நூறு கிராமுக்கு மாவுச்சத்தே சுமார் 38 கிராம். புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. உட்கார்ந்தே இருக்கிற உடம்பு அதை எங்கே கொண்டுபோய் வைக்கும்?

அதனால் எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு: சோறு அல்லது கிழங்கு, இரண்டில் ஒன்றுதான், அதுவும் தட்டில் கால்வாசி. இன்னொரு கால்வாசியில் மீனோ பயறோ. மீதிப் பாதி துவரன், அவியல். அவியலில் சேனையும் வாழைக்காயும் தூக்கலாகப் போனால் அதுவும் மாவுச்சத்துக் கணக்கில் சேரும். வெள்ளரிக்காய், முருங்கைக்காய், புடலங்காய் கூடுதலாகப் போடுங்கள். மீனையும் காயையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாது. "இம்புட்டுச் சோறு தின்னா வயிறு நெறையுமா மக்ளே?" என்று அம்மா ஆரம்பத்தில் சடைத்துக்கொண்டாள். துவரன் இன்னொரு கரண்டி விழுந்ததும் அடங்கிவிட்டாள். 6.3-ல் நின்ற அவளுடைய மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி, ஹெச்பிஏ1சி, இப்போது 5.9.

சம்பா அரிசிதானே, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்கிற நினைப்பை மட்டும் விட்டுவிடுங்கள். தீட்டிய பச்சரிசியைவிட நல்லதுதான், ஆனாலும் சோறு சோறுதான். தேங்காய் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். துவரனில் துருவிப் போடுகிற தேங்காய்க்கு நான் சண்டை போட மாட்டேன். பொரிக்கிற எண்ணெயைத்தான் அளக்கிறேன். தேங்காய் எண்ணெய் கெட்ட கொழுப்பை ஏற்றும் என்பது உறுதியான விஷயம். சாளையைப் பொரிக்காமல் குழம்பு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். சாயங்காலம் சாயக்கடையில் சீனி போட்ட சாயாவும் ஏத்தன்பழ பஜ்ஜியும் தினசரி வழக்கமாக இருந்தால், முதலில் கைவைக்க வேண்டியது அங்கேதான்.

உப்பு தனிக் கதை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், பப்படம் மூன்றும் ஒரே சாப்பாட்டில் வந்தால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். பிரஷர் குடும்பத்தில் ஓடுகிறது என்றால் இதில் கறாராக இருங்கள். புகையிலை இல்லாமல் வெறும் பாக்குதானே போடுகிறேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பாக்கு தனியாகவே வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது.

நடைக்கு நேரம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிஷம் தெருவில் நடங்கள். தசை வேலை செய்யும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிஷமாவது சேர வேண்டும். இடுப்புச் சுற்றளவையும் ஒரு டேப்பால் அளந்து பாருங்கள். நம்மவர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. தாண்டக் கூடாது. ஹெச்பிஏ1சி வருஷத்துக்கு ஒரு முறை பாருங்கள். 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு. அதற்குமேல் போனால் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

உங்கள் பெற்றோருக்கும் இதே தட்டு ஒத்துவரும். ஆனால் அவர்கள் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள். அதே டோஸை வைத்துக்கொண்டு திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருத்துவரிடம் சொல்லி டோஸைச் சரிசெய்த பிறகு குறையுங்கள், மருந்தை அவர்களாக நிறுத்த விடாதீர்கள்.